தோல் உரித்த லாரி

எங்கள் ஊரில் கடல் இல்லை. ஆனாலும் எங்கள் லாரிகள் கடற்கரை லாரிகளைப் போலவே துருப்பிடிக்கும். காரணம் சாயத்துணி. துணியில் சாயம் ஏறுவதற்குப் பட்டறைகளில் உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். எத்தனை முறை அலசிப் பிழிந்து அனுப்பினாலும் ஈரத்துணி ஈரத்துணிதான். காயவைக்கும் பட்டறைக்குப் போகும் வழியெல்லாம் வண்டிக்கு அடியில் சொட்டிக்கொண்டே போகும். மேலே பாடி பளபளவென்று இருக்கும். கீழே சேஸ், அதாவது வண்டியின் மொத்த எடையையும் தாங்குகிற நீளமான இரும்புச் சட்டம், பட்டை பட்டையாக உரிந்துகொண்டிருக்கும். குனிந்து பார்க்கிற ஆள் குறைவு என்பதால் பலருக்கு இது தெரியாது.

நான் பதினாறு வருடம் இந்த ஈரத்துணி ஓட்டத்தில் இருந்தேன். முதலில் நானே ஓட்டினேன். முதுகில் வட்டு விலகிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு ஒரு டிரைவரை வைத்தேன். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பனியன் கம்பெனி வேலைக்கென்று குடும்பத்தோடு வந்து, கம்பெனி வேலை பிடிக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். ஒன்பது வருடம் என் வண்டியை ஓட்டினார். என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். நான் தொழிலை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தபோது, வண்டியைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் விலை பேசி முடித்துவிட்டோம். அவர் வாழ்க்கையில் சொந்தமாக வாங்கும் முதல் வண்டி அது.

அவர் மனைவி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டே வேலை செய்தவர். முழங்கால் இரண்டும் போய்விட்டன. வண்டி உறுதியானதுமே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். இந்த வண்டி இன்னும் பத்து வருடம் நின்றால் தாங்கள் இரண்டு பேரும் கம்பெனி வாசலை மறுபடி மிதிக்க வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம். வண்டி நிற்பது என்றால் சேஸ் நிற்பது. எஞ்சினை மாற்றலாம், பாடியை மாற்றலாம், சேஸ் போனால் இரும்புக் கடைக்குத்தான்.

நாங்கள் விலை பேசியது ஆனிக் கடைசியில். ஆடியில் எங்கள் வீட்டில் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அவர் கிறிஸ்தவர். அவருக்கு ஆடியும் ஒன்றுதான், ஆவணியும் ஒன்றுதான். ஆனாலும், "உங்களுக்கு மனசு ஒப்பலைன்னா வேண்டாம் அண்ணாச்சி. ஆவணியிலயே வாங்கிக்கிடுதேன். ஒரு மாசந்தானே" என்றார். அந்த ஒரு மாதமும் வேறொருவர் வண்டிக்கு ஆக்டிங் டிரைவராகப் போனார்.

எனக்கு எதையும் முறையாகச் செய்தாக வேண்டும் என்று ஒரு வியாதி உண்டு. எஃப்.சி.க்கு, அதாவது ஆர்.டி.ஓ. ஆபீஸ் தகுதிச் சான்றுக்கு, போகும் வண்டிகளுக்குச் சிலர் ஒரு வைத்தியம் செய்வார்கள். துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே கருப்புப் பெயிண்டை அடித்து, அது காய்வதற்குள் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். பிணத்துக்குப் பவுடர் பூசுகிறார்கள் என்று நான் கேலி செய்வேன். ஒன்பது வருடம் நமக்கு உழைத்த மனிதருக்குப் பவுடர் பூசிய வண்டியைக் கொடுக்கக் கூடாது, இந்த ஆடி மாதத்தில் சேஸை நானே சுத்தம் செய்து துருப்பிடிக்காதபடி பெயிண்ட் அடித்துக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். நல்ல எண்ணம்தான். அதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது. கொஞ்சம் என்ன, பாதிக்கு மேல்.

பாடியின் தரைத்தகட்டில் ஓட்டை விழுந்திருந்ததால் அதைப் பாடி கட்டும் பட்டறையில் கழற்றி வைத்துக்கொண்டார்கள். ஆடிக் கடைசியில் தருவதாகச் சொன்னார்கள். டிரைவர் கேபினும் சக்கரமும் சேஸும் மட்டுமாக வண்டியை நான் மெதுவாக வீட்டுக்கு ஓட்டிவந்தேன். பெருமாநல்லூர் கடைவீதியில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சட்டையில்லாமல் கடைக்குப் போன மாதிரி எனக்குக் கூச்சமாக இருந்தது.

வீட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு காலி இடம் உண்டு, சிமெண்ட் போட்டது. வண்டியை ஜாக்கியில் ஏற்றிக் கட்டைகளை அடைகொடுத்து நிறுத்தினேன். டாக்டர் என்னைக் குனியக் கூடாது, தூக்கக் கூடாது என்றாரே தவிர, படுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. பாயைப் போட்டு வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு நாள் சுத்தியலும் உளியும். தட்டத் தட்டத் துரு அப்பளம் மாதிரி உடைந்து விழுந்தது. பிறகு கம்பி பிரஷ். அதற்குப் பிறகு கிரைண்டரில் மாட்டுகிற கப் பிரஷ். அடியிலிருந்து தேய்த்தால் எல்லாம் முகத்தில்தான் கொட்டும். கண்ணாடி போட்டு, மூக்கையும் வாயையும் பனியன் துணியால் கட்டி, தலையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டேன். எதிர்வீட்டு மாடியில் இருக்கும் தையல் யூனிட்டில் கிரைண்டர் சத்தத்துக்குப் போட்டியாகப் பாட்டை உரக்க வைத்தார்கள். என் மனைவி டீ கொண்டுவந்தபோது என்னைப் பார்த்துவிட்டு, "இந்தக் கோலத்துல ரோட்டுப் பக்கம் போயிராதீங்க. புள்ள புடிக்கறவன்னு கட்டி வெச்சுப்போடுவாங்க" என்றாள்.

எட்டாம் நாள் இரும்பு தெரிந்தது. வெள்ளி மாதிரி என்று சொல்ல மாட்டேன், பழைய அலுமினியப் பாத்திரத்தின் நிறம். இரண்டு நீளச் சட்டங்களையும் குறுக்குச் சட்டங்களையும் சுத்தியலால் அடி அடியாகத் தட்டிப் பார்த்தேன். எங்கும் விரிசல் இல்லை. துரு மேலோடு நின்றிருந்தது, அடி இரும்பு கெட்டியாக இருந்தது. இனி ஈரம் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் பத்து வருடம் தாராளமாக நிற்கும். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. பிறத்தியாருக்கான ஒரு வேலையில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்தது எனக்கே புதிது.

இரும்பில் அங்கங்கே சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. அவற்றில் பிரஷ் போகாது. அதற்கென்று துருவைக் கரைக்கிற ஒரு மருந்து கடையில் கிடைக்கிறது. பூசி அரை மணி நேரம் விட்டு, சுத்தமான தண்ணீரில் நன்றாக அலசி, உடனே உலர்த்த வேண்டும் என்று டப்பாவில் போட்டிருந்தது. டப்பாவில் எழுதியிருப்பதை ஓர் எழுத்து விடாமல் படிக்கிறவன் நான். படித்தேன்.

எங்கள் பக்கத்து வீடுகளில் தண்ணீர் இரண்டு வகை. வாரத்துக்கு ஒரு முறை குழாயில் வருவது நல்ல தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும். போர்வெல்லிலிருந்து வருவது உப்புத் தண்ணீர். குளிக்க, துவைக்க, வாசல் தெளிக்க, மற்ற எல்லாவற்றுக்கும். நிலத்தடியில் அவ்வளவு உப்பு எப்படி வந்தது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. எல்லோரும் துணியை வைத்துத்தான் சாப்பிடுகிறோம். எந்தக் காரியத்துக்கு எந்தத் தண்ணீர் என்பது யோசனையே இல்லாமல் கைக்குப் பழகிப்போன ஒன்று. நல்ல தண்ணீரில் கால் கழுவினால் வீட்டில் யாராவது ஒருவர் முறைப்பார். அப்படிப்பட்ட ஊரில் லாரிக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவது என்பது யாருக்கும் தோன்றவே தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. சுத்தமான தண்ணீர் என்றால் கலங்கல் இல்லாத தண்ணீர் என்றுதான் எடுத்துக்கொண்டேன். எங்கள் போர் தண்ணீர் பார்ப்பதற்குக் கண்ணாடி மாதிரி இருக்கும்.

என் மனைவி இருந்திருந்தால் கேட்டிருப்பாள். அவள் மடத்துக்குளத்துக்காரி, ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி அவளுக்கு ஒரு வழக்கு நடந்துகொண்டேயிருக்கிறது. ஆடிப்பெருக்குக்காக மூன்று நாள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த மூன்று நாளில்தான் நான் மருந்தைப் பூசினேன். போர் மோட்டாரைப் போட்டு, ஹோஸைப் பிடித்து, ஒரு மணி நேரம் ஆற அமர அலசினேன்.

தண்ணீர் காயக் காய இரும்பின் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூச்சு படர்ந்தது. மஞ்சள் தூளைத் தூவிய மாதிரி. சில இடங்களில் வெள்ளையாகவும் ஏதோ தெரிந்தது. உரித்த இரும்பில் காற்றுப் பட்டால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தின்னரில் நனைத்த பனியன் வேஸ்ட்டால் துடைத்தேன். அன்றைக்கு அடித்தது ஆடிக்காற்று. எதிர்வீட்டு யூனிட்டின் பஞ்சுத் தூசியெல்லாம் என் வண்டி மேலேதான் வந்து விழுந்தது. தூசி ஒட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்று சிவப்பு பிரைமரை அன்று மத்தியானமே அடித்துவிட்டேன். அடுத்த இரண்டு நாளும் கருப்புப் பெயிண்ட் இரண்டு கை.

முடித்ததும் போனில் ஒரு படம் எடுத்து டிரைவருக்கு அனுப்பினேன். கருகருவென்று, கோயில் யானை குளித்துவிட்டு நிற்பதுபோல் இருந்தது. அவர் பத்து நிமிடத்தில் அந்தப் படத்தைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, கீழே 'கர்த்தருக்கு ஸ்தோத்திரம்' என்று எழுதியிருந்தார். பாடி இல்லாத லாரிக்கு இருபது பேர் வாழ்த்துச் சொன்னார்களாம்.

மறுநாள் மனைவி ஊரிலிருந்து வந்தாள். வண்டியைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். பிறகு தரையைப் பார்த்தாள். நான் அலசிய தண்ணீர் ஓடிக் காய்ந்த இடமெல்லாம் சிமெண்டில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஹோஸ் இன்னும் போர் குழாயில்தான் மாட்டியிருந்தது.

"ஏனுங்க, உப்புத் தண்ணியிலயா கழுவுனீங்க?"

"பின்ன, லாரி கழுவறதுக்கு நல்ல தண்ணியா ஊத்துவாங்க?"

"லாரி கழுவறது வேறங்க. இது தோலை உரிச்சு வெச்ச லாரி. புண்ணுல உப்புத் தண்ணிய ஊத்தி, அது மேலயே மூடி போட்டு வெச்ச மாதிரி பண்ணியிருக்கறீங்க."

எனக்குச் சுரீர் என்றது. அந்த ஆரஞ்சுப் படலம் என்னவென்று எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. எங்கள் குளியலறைக் குழாய் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எதனால் ஓட்டையாகிறதோ, அதையேதான் நான் குழிகளுக்குள் பத்திரமாக வைத்துப் பெயிண்டால் மூடியிருந்தேன்.

அவள் சொன்னாள்: "சொரண்டிப்போட்டு மறுக்கா அடிங்க. முடியலீன்னா அந்தத் தம்பிகிட்டச் சொல்லிப்போடுங்க. ரெண்டுல ஒண்ணு."

இரண்டில் ஒன்றையும் நான் செய்யவில்லை. பாடி தயாராகிவிட்டது என்று பட்டறையிலிருந்து போன் வந்திருந்தது. ஆடி முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. தோள்பட்டை இரண்டும் தூக்க முடியாமல் வலித்தது. எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் அவற்றில் எதுவும் காரணம் இல்லை. அந்த ஸ்டேட்டஸ்தான் காரணம். அண்ணாச்சி எவ்வளவு முறையாகச் செய்திருக்கிறார் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் போய் அண்ணாச்சிக்குத் தண்ணீரில் வித்தியாசம் தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. பெயிண்ட் கெட்டியானது, உள்ளே இருப்பது உள்ளேயே கிடக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனும் அப்படித்தான் நினைத்துக்கொள்வான். மனைவி இன்னொரு முறை கேட்டாள். அதற்குமேல் கேட்கவில்லை.

ஆவணி முதல் புதன்கிழமை வண்டியைக் கொடுத்தோம். என் மனைவி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். அவரும் அவர் மனைவியும் வண்டி முன்னால் கண்ணை மூடி நின்று ஜெபம் செய்தார்கள். எலுமிச்சம்பழத்தின் மேல் அவரே வண்டியை ஏற்றி நசுக்கினார். பிறகு இறங்கி, போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்தார். சட்டத்தைக் கையால் முன்னும் பின்னும் தடவினார். வெளியே வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"புது வண்டியிலகூட இப்படி இருக்காது அண்ணாச்சி."

அப்போது சொல்லியிருக்கலாம். எனக்கு வாயில் கொழுக்கட்டை. "மாசம் ஒருக்கா கிரீஸ் அடிச்சுப்போடுங்க தம்பி, மறந்துராதீங்க" என்றேன். அவர் தலையாட்டினார். வண்டி தெருமுனை திரும்பும்வரை நாங்கள் நின்று பார்த்தோம். மனைவி என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

தீபாவளிக்கு முன்னால் எங்கள் ஊரில் யாரும் யாரையும் பார்க்க முடியாது. எல்லா வண்டியும் ஓடும். அவர் வண்டியைச் சாயப்பட்டறை ரோட்டில் இரண்டு மூன்று முறை பார்த்தேன். வழக்கம்போல் அடியில் சொட்டிக்கொண்டு போனது. ஹாரன் அடித்துவிட்டுப் போனார். தீபாவளி முடிந்த பிறகு ஒரு நாள் பார்த்தபோது வண்டியில் நூல் மூட்டை இருந்தது. இன்னொரு நாள் காலி அட்டைப்பெட்டி. ஈரத்துணியை விட்டுவிட்டு இவர் ஏன் இதை ஏற்றுகிறார் என்று யோசித்தேன். உலர்ந்த சரக்குக்கு ஓட்டம் குறைவு, போட்டி அதிகம். ஆனால் வண்டியை விற்றவன் போய் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது என்று ஒரு மரியாதை. குற்றமுள்ள நெஞ்சுக்கு மரியாதை ஒரு நல்ல சாக்கு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போன வெள்ளைச் சட்டையோடு அவர் வீட்டுக்கு வந்தார். கையில் கேக் பெட்டி இருந்தது. மனைவி அதை வாங்கி வைத்தாள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றார்.

போனில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். சேஸின் பக்கவாட்டில் கருப்புப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒரு கொப்புளத்தை அவர் நகத்தால் கிள்ளியிருந்தார். உள்ளே செங்கல் நிறத்தில் மாவு மாதிரி இருந்தது.

"அந்த முதுகோட மல்லாக்கப் படுத்துத் தேச்சுக் குடுத்தீங்க. நான் நாலு மாசத்துல கெடுத்துப்புட்டேன். தீவாளி நேரம், ஓய்வில்லாம ஈரத்துணி அடிச்சேன். அதான் தின்னுட்டு. உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு இத்தன நாளா வராம இருந்தேன்."

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொடர்ந்து சொன்னார்: "பாத்த அன்னைக்கே ஈரத்துணிய விட்டுட்டேன். இப்பம் நூலும் பெட்டியுந்தான். ஓட்டம் கொறவுதான், என்ன செய்ய. வண்டி நிக்கணும்லா."

என் மனைவி, "ஊட்டுல நல்லா இருக்காங்களா தம்பி?" என்று கேட்டாள்.

"கம்பெனிக்குப் போறா மதினி. பழையபடி செக்கிங்தான். கார்த்திகையில இருந்து போயிட்டு இருக்கா."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அவர் போனை மறுபடி எடுத்தார். "மறுபடி எல்லாத்தையும் சொரண்டிட்டு நானே பெயிண்ட் அடிக்கலாம்னு இருக்கேன். நீங்க செஞ்ச மாதிரியே செய்யணும். என்னென்ன செஞ்சீங்கன்னு வரிசையாச் சொல்லுங்க அண்ணாச்சி, எழுதிக்கிடுதேன்."

நான் சொல்ல ஆரம்பித்தேன். முதலில் சுத்தியலும் உளியும். அவர் எழுதினார். அப்புறம் கம்பி பிரஷ், கப் பிரஷ். எழுதினார். துரு எடுக்கற மருந்தைப் பூசி அரை மணி நேரம் விடோணும். எழுதினார்.

"அப்புறம் கழுவோணும்" என்றேன்.

"பெட்ரோல்லயா, தண்ணியிலயா?"

"தண்ணியில."

'தண்ணீரில் கழுவ வேண்டும்' என்று எழுதிவிட்டு, அடுத்தது என்ன என்பதுபோல் முகத்தை நிமிர்த்தினார். அடுத்தது பிரைமர் என்று நான் சொல்லியிருந்தால் அதையும் எழுதியிருப்பார். அவர் குடியிருக்கும் லைன் வீட்டிலும் போர் தண்ணீர்தான். பத்து நாள் படுத்துத் தேய்த்து, அதிலேயே கழுவி, அதன் மேலேயே பெயிண்ட் அடித்து, மறு வருடமும் என்னிடமே வந்து மன்னிப்புக் கேட்டிருப்பார்.

"நல்ல தண்ணியில கழுவோணுங்க தம்பி" என்றேன்.

அவர் சிரித்தார். "லாரிக்கு யாரு அண்ணாச்சி நல்ல தண்ணி ஊத்துவா? நீங்க அப்படியா கழுவினீங்க?"

"இல்லீங்க. நான் உப்புத் தண்ணியில கழுவிப்போட்டேன். அதுதான் பெயிண்டுக்கு அடியில இருந்து தின்னுருக்குது. உங்க ஈரத்துணி இல்லீங்க. நாந்தான்."

அவர் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது.

"எப்பம் தெரியும் உங்களுக்கு?"

"ஆடியிலயே. பெயிண்ட் அடிச்சு முடிச்ச மறுநாளு."

அவர் கையிலிருந்த போனின் வெளிச்சம் தானாக அணைந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்லா" என்றார். அவ்வளவுதான்.

பொங்கல் லீவில் வண்டியை இங்கேயே கொண்டுவாருங்கள், நானே முதலிலிருந்து செய்து தருகிறேன், செலவு என்னுடையது, நல்ல தண்ணீரைச் சேர்த்து வைக்கிறேன் என்றேன். அவர், "சரி, நானும் வாரேன், சேந்தே செய்வோம்" என்றார். மனைவி கேக்கை வெட்டி எடுத்துவந்தாள். ஒரு துண்டு தின்றுவிட்டுப் போனார்.

நாங்கள் மூன்று வாரம் நல்ல தண்ணீர் சேர்த்தோம். இரண்டு பெரிய டிரம்களை வாங்கி, குழாயில் தண்ணீர் வரும் நாளில் நிரப்பி, மூடி போட்டுத் துணியால் கட்டி வைத்தோம். குழம்புக்கு அளந்து ஊற்றினாள் மனைவி. ஆனால் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

பொங்கலுக்கு எங்கள் ஊர் காலியாகிவிடும். கம்பெனிகள் பூட்டியிருக்கும். தெற்கத்திக்காரர்கள் எல்லோரும் பஸ் பிடித்து ஊருக்குப் போய்விடுவார்கள். அவர் அந்த வருடம் போகவில்லை. பாடியைப் பட்டறையில் கழற்றி வைத்துவிட்டு வண்டியைக் கொண்டுவந்தார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துச் சுரண்டினோம். என் முதுகைப் பார்த்து, அடிப்பக்கம் முழுவதையும் அவரே எடுத்துக்கொண்டார். பேச்சு அதிகம் இல்லை. பிரஷ் கொடுங்க, கட்டையை நகர்த்துங்க, டீ ஆறுது. அவர் கோபமாக இருந்தார் என்று சொல்ல மாட்டேன். அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார். மதினி போட்ட பொங்கலை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன்.

நான்காம் நாள் காலையில் மருந்தைப் பூசினோம். அரை மணி நேரம் ஆனதும் முதல் டிரம்மின் துணியை அவிழ்த்து மூடியைத் திறந்தேன். "ரெண்டு டிரம்மும் நல்ல தண்ணிதானுங்க தம்பி. குழாய்ல புடிச்சது" என்று சொல்லி மக்கை அவரிடம் நீட்டினேன்.

அவர் மக்கை வாங்கினார். வண்டிப் பக்கம் திரும்பவில்லை. டிரம்மின் மேல் குனிந்தார். கையைத் துண்டில் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒரு விரலை மட்டும் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒன்பது வருடமாக இந்த வீட்டில் கொடுத்த தண்ணீரைச் சொம்போடு அண்ணாந்து குடித்தவர். பிறகு இரண்டாவது டிரம்மையும் அவரே திறந்து, அதிலும் விரலை வைத்துப் பார்த்தார்.

"நல்ல தண்ணிதான்" என்றார். என்னை நோகடிப்பதற்காகச் செய்யவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. மறுபடி ஒரு முறை ஓட்டத்தை இழந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அது தெரிந்திருந்தும் எனக்கு அழுகை வந்தது. அவர் ஊற்ற, நான் துடைத்துக்கொண்டே போனேன்.